ஜால்ரா இல்லாத இசைத்தட்டு

அதிகம் விற்றது; ஆகவே குப்பை. இந்த ஒரே அளவுகோலைக் கையில் வைத்துக்கொண்டு நம்மில் சிலர் வாழ்நாள் முழுக்க விமர்சகர்களாகக் காலம் தள்ளிவிட்டார்கள். முந்நூறு பிரதி அச்சிட்டு, அதில் இருநூறைக் கட்டிலுக்கு அடியில் அடுக்கி வைத்திருப்பதே தரத்துக்கு அத்தாட்சி என்றாகிவிட்டது. ராக் இசையைப் பற்றிப் பேச்சு வந்தால் இந்த அளவுகோல் இன்னும் நீளும். கேட்டுப் பார்க்க வேண்டியதே இல்லை. விற்பனைப் பட்டியலில் முதலிடம் என்று தெரிந்தால் போதும், தீர்ப்பு தயார். துணைக்கு அடார்னோ இருக்கிறார். வெகுஜன இசை பற்றி 1941இல் அவர் எழுதிய கட்டுரையை நம்மில் ஒருவர் படித்தார். மற்றவர்கள் அவரிடம் கேட்டுத் தெரிந்துகொண்டார்கள்.

நான் பேச எடுத்துக்கொண்டிருப்பது பீட்டர் கேப்ரியல் 1980 மே மாதம் வெளியிட்ட மூன்றாவது தனித் தட்டு. அடுத்த மாதமே பிரிட்டிஷ் பட்டியலில் முதலிடத்துக்கு ஏறி இரண்டு வாரம் அங்கே இருந்தது. சில வாரங்களாக இதையே திரும்பத் திரும்பக் கேட்டுக்கொண்டிருக்கிறேன். சொன்னதும் ஒரு நண்பர் முகம் சுளித்தார். இன்னொருவர், ‘பேஷன்’ தட்டில் நம் எல். சங்கரை வாசிக்க வைத்தவர்தானே என்று கேட்டு ஓரளவு மன்னித்தார். 1989இல் வந்த அந்தத் தட்டில் சங்கர் இரட்டை வயலின் வாசித்திருப்பதும் பாடியிருப்பதும் உண்மைதான். ஆனால் நம்மவர் வாசித்தால் சங்கீதம், இல்லாவிட்டால் இரைச்சல் என்பதற்கு ரசனை என்று பெயர் கிடையாது. அதை ஊர்ப் பாசம் என்று சொல்லிவிட்டு மேலே போகலாம்.

கேப்ரியல் ‘ஜெனஸிஸ்’ என்ற ராக் குழுவின் பாடகராக இருந்தவர். சார்ட்டர்ஹவுஸ் என்ற பணக்காரப் பள்ளியில் படித்த பையன்கள் 1967இல் சேர்ந்து தொடங்கிய குழு அது. இருபது நிமிஷம் ஓடும் பாட்டுகள், கிரேக்கப் புராணம், தேவதைக் கதை எல்லாம் உண்டு. 1972இல் மனைவியின் சிவப்பு உடையை அணிந்து, தலையில் நரித் தலையைக் கவிழ்த்துக்கொண்டு மேடைக்கு வந்தார். பிறகு பூ, கிழவன், உடம்பெல்லாம் கொப்புளம் வெடித்த பிராணி என்று வேஷங்கள் பெருகின. கூட்டம் வேஷத்தைப் பார்க்க வந்தது. 1975இல் குழுவை விட்டு வெளியேறினார். பாடகர் போனால் குழு செத்துவிடும் என்று எல்லோரும் எதிர்பார்த்தார்கள். பின்னால் உட்கார்ந்து டிரம் வாசித்துக்கொண்டிருந்த ஃபில் காலின்ஸ் முன்னால் வந்து பாடத் தொடங்கினார். குழு முன்னைவிட அதிகமாக விற்றது. இதற்காகக் கேப்ரியலைப் பார்த்துப் பரிதாபப்பட்டவர்கள் அன்று நிறைய இருந்தார்கள். குழுவை விட்டு வந்தவன் கெட்டொழிய வேண்டும் என்கிற ஆசை எல்லாக் கோஷ்டிக்கும் பொதுவான விஷயம்.

தனியாக வந்தவர் தன் முதல் நான்கு தட்டுகளுக்கும் பெயரே வைக்கவில்லை. நான்கிலும் ‘பீட்டர் கேப்ரியல்’ என்று மட்டும்தான் இருக்கும். ஒரு பத்திரிகையின் அடுத்தடுத்த இதழ்களைப் போல அவை இருக்க வேண்டும் என்பது அவர் எண்ணம். இதழுக்குப் பெயர் மாறுவதில்லை, அட்டைப் படம்தான் மாறும். பெயரில்லாத சங்கடத்துக்கு ரசிகர்கள் அட்டையைப் பார்த்துப் பெயரிட்டார்கள். மூன்றாவது தட்டுக்கு ‘உருகல்’ என்று பொருள்படும் பெயர் நிலைத்தது. ஹிப்னோஸிஸ் என்ற வடிவமைப்பாளர்கள் போலராய்டு படத்தை எடுத்து, அதன் ரசாயனம் காய்வதற்குள் மேலே அழுத்தித் தேய்த்துக் கலைத்தார்கள். பாதி முகம் முகமாகவே இருக்கிறது, மறு பாதி மெழுகாக ஒழுகுகிறது. வேஷம் போட்டவரின் வேஷம் கலைந்துவிட்டது என்று எளிதாக அர்த்தம் சொல்லிவிடலாம். தட்டைக் கேட்டால் அந்த அர்த்தம் நிற்காது என்பதைப் பிறகு சொல்கிறேன்.

முதலில் விற்பனை. அமெரிக்காவில் இவருடைய தட்டை வெளியிட வேண்டியது அட்லாண்டிக் நிறுவனம். ஒலிப்பதிவைக் கேட்டுவிட்டு, இது போகாது என்று சொல்லி வெளியிட மறுத்துவிட்டது. மெர்குரி என்ற வேறொரு நிறுவனம் எடுத்து வெளியிட்டது. அதே ஒலிப்பதிவுதான் கடலின் இந்தப் பக்கம் முதலிடத்தில் இருந்தது. இங்கே கவனிக்க வேண்டியது வியாபாரியின் முட்டாள்தனம் அல்ல. அது அவன் தொழில், லாபமும் நஷ்டமும் அவனோடு. விற்காது, ஆகவே வேண்டாம் என்றான் வியாபாரி. விற்றது, ஆகவே வேண்டாம் என்கிறான் நம் சிறுபத்திரிகை விமர்சகன். இருவரும் ஒரே கணக்குப் புத்தகத்தைத்தான் பார்க்கிறார்கள். ஒருவன் வரவுப் பக்கத்தைப் பார்க்கிறான், மற்றவன் செலவுப் பக்கத்தை. தட்டின் மேல் ஊசியை வைக்க இருவருக்கும் நேரமில்லை.

எண்ணிக்கை எதைச் சொல்லும் என்பதற்கு அதே வருஷத்திலேயே இன்னொரு உதாரணம் இருக்கிறது. 1980 டிசம்பர் 8 அன்று ஜான் லென்னன் நியூயார்க்கில் தன் வீட்டு வாசலில் சுட்டுக் கொல்லப்பட்டார். மூன்று வாரங்களுக்கு முன் வந்திருந்த அவருடைய ‘டபுள் ஃபேன்டஸி’ தட்டு அதற்குப் பிறகு பட்டியலின் உச்சிக்குப் போனது. அதுவும் ஒரு முன்னாள் குழுப் பாடகரின் முதலிடத் தட்டுதான். வாங்கியவர்கள் இசையை வாங்கினார்களா, துக்கத்தை வாங்கினார்களா? பட்டியல் இரண்டையும் ஒன்றாகத்தான் கூட்டும். இந்தக் கூட்டல் கணக்கை நம்பித் தட்டை உயர்த்துவது எத்தனை அசட்டுத்தனமோ, அத்தனை அசட்டுத்தனம் அதை நம்பித் தட்டைத் தள்ளுவதும்.

சரி, ஊசியை வைக்கலாம். முதல் பாட்டு ‘இன்ட்ரூடர்’, அத்துமீறி நுழைபவன். தொடக்கத்தில் டிரம் மட்டும். அந்த டிரம் ஒலியைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும், ஏனென்றால் என் வாதத்தில் பாதி அதில் இருக்கிறது.

இந்தத் தட்டு முழுவதிலும் சிம்பல் கூடாது என்று கேப்ரியல் தாளக்காரர்களுக்குச் சொல்லிவிட்டார். சிம்பல் என்பது வெண்கலத் தட்டு, நம் ஜால்ராவின் பெரியண்ணன். ராக் தாளக்காரனுக்கு அது பழக்கதோஷம். ஒரு பகுதி முடிந்து அடுத்தது தொடங்கினால் ஓங்கி ஒரு தட்டு. பாடகன் குரலை உயர்த்தினால் ஒரு தட்டு. ஒன்றும் தோன்றாவிட்டாலும் சும்மா இருக்க முடியாமல் ஒரு தட்டு. அதன் கூரிய ஒலி மேலே பரவி, மற்ற ஓசைகளுக்கு இடையே இருக்கும் இடைவெளிகளையெல்லாம் ஈயம் பூசியதுபோல அடைத்துவிடும். நம் கவிதைகளில் ஆச்சரியக்குறியும் மூன்று புள்ளியும் செய்கிற வேலை. அதை எடுத்துவிட்டால் கை தடுமாறும். காலின்ஸும் ஜெரி மரோட்டாவும் ஓங்கிய கையை இறக்க இடம் தெரியாமல், தோல் வாத்தியத்திலேயே வேறு வழி தேட வேண்டியிருந்தது. ஜால்ரா போன பிறகு இடைவெளிகள் திறந்துகொண்டன. அந்த இடைவெளிகளில்தான் கிட்டார் கம்பியைச் சுரண்டும் சத்தமும், பாட்டு முடியும் நேரத்தில் ஒருவன் நிம்மதியாக விசிலடித்துக்கொண்டு போவதும் கேட்கின்றன. (ஜால்ரா தட்டக் கூடாது என்று நம் பத்திரிகைகளில் ஒரு விதி வந்தால், புத்தக மதிப்புரைப் பக்கங்களில் எத்தனை இடைவெளி திறந்துகொள்ளும் என்று யோசித்துப் பார்த்தேன். முழுப் பக்கமும் வெள்ளையாகவே வந்துவிடும்.)

இரண்டாவது விஷயம் தற்செயலாக நடந்தது. லண்டனில் டவுன்ஹவுஸ் என்ற ஒலிப்பதிவுக்கூடம். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் இருக்கும் வாத்தியக்காரர்கள் பேசுவது இந்தப் பக்கம் பொறியாளருக்குக் கேட்பதற்காகக் கூரையிலிருந்து ஒரு மைக் தொங்கும். அறையின் மூலையிலிருந்து ஒருவர் முணுமுணுத்தாலும் கேட்க வேண்டும், பக்கத்திலிருந்து கத்தினாலும் காது கிழியக் கூடாது. ஆகவே அதன் சுற்றில் கடுமையான கம்ப்ரஸர் ஒன்று உண்டு. அது சின்ன ஒலியைத் தூக்கும், பெரிய ஒலியை அமுக்கும். காலின்ஸ் வாசித்துக்கொண்டிருக்கும்போது பொறியாளர் ஹ்யூ பாட்ஜம் அந்த மைக்கைத் திறந்தார். பேச்சுக்காக வைத்திருந்த வழியில் டிரம் வந்து விழுந்தது, அறையே இடிந்து விழுவதுபோல. அதோடு நாய்ஸ் கேட் என்ற கருவியும் சேர்ந்தது. ஒலி குறிப்பிட்ட அளவுக்குக் கீழே இறங்கியவுடன் கதவைச் சாத்திவிடுவது அதன் வேலை. ஆக ஒவ்வொரு அடியும் பெரிய மண்டபத்தில் விழுந்ததுபோல விரிகிறது. ஆனால் எதிரொலி தேய்ந்து மறைவதற்குள் கத்தியால் நறுக்கியதுபோல நின்றுவிடுகிறது. இயற்கையில் அப்படி ஓர் ஓசை கிடையாது. பெரிய இடத்துக்குரிய முழக்கமும், மூச்சு முட்டும் சின்ன அறைக்குரிய மௌனமும் ஒரே அடியில் இருக்கின்றன. இரவில் பிறர் வீட்டுக்குள் நிற்கிறவனின் நெஞ்சடிப்பு இது என்று தோன்றுகிறது. கருவியின் தற்செயல் பொருளோடு இப்படிப் பொருந்துவதைத்தான் நாம் உருவம் என்று இவ்வளவு காலமாகப் பேசிக்கொண்டிருக்கிறோம்.

இங்கே அடார்னோவுக்கு அவருடைய பங்கைக் கொடுத்துவிட வேண்டும். அந்த டிரம் ஒலி அடுத்த சில வருஷங்களில் அச்சாகிவிட்டது. எண்பதுகளின் ராக் தட்டுகளில் பெரும்பாதி அதே முழக்கத்தை, அதே வெட்டை வாங்கி ஒட்டிக்கொண்டன. கண்டுபிடிப்பு அச்சாவதையும், அச்சில் வார்த்ததைத் தனித்தன்மை என்று விற்பதையும் அவர் நாற்பது வருஷம் முன்பே சொல்லியிருந்தார். ஆனால் அச்சைப் பற்றிச் சொன்னது அச்சுக்கு முந்தியதற்கும் பொருந்தும் என்று அவர் பெயரால் பேசுகிறவர்கள் நினைத்துக்கொள்கிறார்கள்.

இப்போது அந்த முகமூடி. ‘இன்ட்ரூடர்’ பாட்டைப் பாடுகிற ‘நான்’ வீடு புகுந்தவன். பொருளுக்காக வந்தவன் என்றுகூடச் சொல்ல முடியாது. தூங்குகிறவர்களின் பயத்துக்குப் பக்கத்தில் நிற்பதன் சுகத்துக்காக வந்தவன். அடுத்த பாட்டின் ‘நான்’ தன் கையையும் வாயையும் அடக்க முடியாதவன். மரிம்பாவின் ஓயாத சுழற்சி அவன் மண்டைக்குள் நடப்பதை, ஸ்டீவ் ரைக்கின் இசையை நினைவூட்டும்படி, வெளியே கொண்டுவந்து வைக்கிறது. கேட் புஷ்ஷின் குரல் பின்னாலிருந்து வருவது ஆறுதலுக்கா அச்சுறுத்தலுக்கா என்று சொல்ல முடியவில்லை. இன்னொரு ‘நான்’ எதுவும் ஞாபகமில்லாதவன், விசாரணையில் உட்கார்த்தி வைக்கப்பட்டவன் போலிருக்கிறது. ‘லீட் எ நார்மல் லைஃப்’ பாட்டில் மனநல விடுதி. அங்கே சொற்கள் இரண்டு மூன்று வரியோடு தீர்ந்துபோய் வாத்தியங்கள் மட்டும் மிஞ்சுகின்றன. மேடையில் தலைக்கு மேல் கவிழ்த்திருந்த நரித் தலையை இவர் தூர எறியவில்லை. தன்மை ஒருமை என்கிற இலக்கணத்துக்குள் அதை வைத்துக்கொண்டார். அட்டைப் படத்தில் உருகுவது வேஷம் அல்ல, முகம்.

இவற்றில் மிகக் கடினமானது ‘ஃபேமிலி ஸ்னாப்ஷாட்’. ஆர்தர் பிரெமர் என்ற இளைஞன் 1972 மே 15 அன்று, ஜனாதிபதி வேட்பாளர் போட்டியில் இருந்த ஜார்ஜ் வாலஸைச் சுட்டான். வாலஸ் இடுப்புக்குக் கீழே செயலிழந்து மீதி வாழ்நாளைச் சக்கர நாற்காலியில் கழித்தார். பிரெமரின் நாட்குறிப்பு மறு வருஷமே புத்தகமாக வந்தது. அந்தப் புத்தகத்திலிருந்து பிறந்த பாட்டு இது. சுடப்போகிறவனே பேசுகிறான். ஊர்வலம் நெருங்குகிறது, காமிராக்கள் இருக்கின்றன, தாளம் வேகம் பிடிக்கிறது, கேட்கிற நம்முடைய ரத்தமும் அவனோடு சேர்ந்து சூடேறுகிறது. குண்டு பாய்ந்த அந்தக் கணத்தில் எல்லாம் அடங்கி, பொம்மைத் துப்பாக்கியோடு தனியாக நிற்கிற சிறுவன் ஒருவன் தெரிகிறான். இளமைச் சோகத்தால் கொலைக்கு நியாயம் கற்பிக்கிறார் என்று ஒருவர் சொல்லலாம். கடைசிப் பகுதி கொஞ்சம் இளகித்தான் போயிருக்கிறது, மறுக்கவில்லை. ஆனால் அதற்கு முன்பு நம்மை அந்த வேகத்தில் ஏற்றிவிட்டாரே, அதற்கு என்ன சொல்வது? நான் கொலைகாரனோடு ஓடினேன் என்பது பாட்டு முடிந்த பிறகுதான் எனக்கு உறைத்தது. பார்க்கப்பட வேண்டும் என்பதற்காகக் கொல்லுகிறவனைப் பற்றிய இந்தப் பாட்டு வெளிவந்து ஏழு மாதம் முடிவதற்குள்தான் லென்னன் சுடப்பட்டார். தீர்க்கதரிசனம் என்று நான் சொல்லப் போவதில்லை. ஏற்கெனவே உலகத்தில் இருந்த ஒன்றை அவர் காது கொடுத்துக் கேட்டிருக்கிறார், அவ்வளவே.

எல்லாப் பாட்டும் இந்தத் தரத்தில் இல்லை. ‘ஸ்டார்ட்’ ஒரு நிமிஷத்துச் சாக்ஸபோன், அடுத்ததற்கு வாசல். ‘அண்ட் த்ரூ தி வயர்’ பாட்டில் பால் வெல்லரின் கிட்டார் நன்றாக முறுக்கேறியிருக்கிறது. இருந்தாலும் அது வேறு எவருடைய தட்டிலும் இருந்திருக்கலாம். ‘கேம்ஸ் விதவுட் ஃபிரான்டியர்ஸ்’ தனியாக நன்றாக விற்ற பாட்டு. ஐரோப்பியத் தொலைக்காட்சியில் நாடுகள் கோமாளிப் போட்டி நடத்திய நிகழ்ச்சியின் பெயரை எடுத்துக்கொண்டு, ராஜதந்திரத்தைப் பிள்ளை விளையாட்டாகக் காட்டுவது. கெட்டிக்காரத்தனம் இருக்கிறது, ஒருமுறை புரிந்துவிட்டால் மறுமுறை தேவைப்படாத கெட்டிக்காரத்தனம். ‘நாட் ஒன் ஆஃப் அஸ்’ என்றால் நம்மைச் சேர்ந்தவன் அல்ல. அதைப் பற்றி நமக்கு எவரும் விளக்க வேண்டிய அவசியமில்லை.

இந்த இடத்தில் ஃபில் காலின்ஸிடம் போக வேண்டும். 1981 பிப்ரவரியில் அவருடைய முதல் தனித் தட்டு ‘ஃபேஸ் வேல்யூ’ வந்து அதுவும் பிரிட்டனில் முதலிடம் பிடித்தது. அதே பொறியாளர் பாட்ஜம், அதே டிரம் ஒலி. ‘இன் தி ஏர் டுநைட்’ பாட்டில் மூன்றரை நிமிஷத்துக்கு மேல் காக்க வைத்துவிட்டு அந்த ஒலி இறங்குவதை உலகமே அறியும். முதல் மணவாழ்க்கை முறிந்த காலத்தில் எழுதிய பாட்டுகள் அவை. அங்கே ‘நான்’ என்றால் காலின்ஸ். காயம் அவருடையது, கோபம் அவருடையது. கேட்டவர்கள் என்ன செய்தார்கள்? ஒருவன் மூழ்கிச் சாவதை வேடிக்கை பார்த்தவன் ஒருவன் இருந்தானாம், அவனைக் குறித்துப் பாடியதாம் என்று ஒரு கட்டுக்கதையைக் கிளப்பி, யார் அவன் என்று வருஷக்கணக்கில் துப்பறிந்தார்கள். நான் அந்தப் பாட்டை இகழவில்லை. அந்த டிரம் இறங்கும்போது என் உடம்பும் சிலிர்க்கிறது. ஆனால் நாட்குறிப்பாக எழுதினால் நாட்குறிப்பாகத்தான் வாசிப்பார்கள். பாட்டு மறைந்து வம்பு மிஞ்சும்.

நம் சூழலுக்கு வருகிறேன். நம் கவிதை விமர்சனத்தில் ‘சுய அனுபவம்’ என்ற ஒரு சொல் சகல நோய்க்கும் மருந்தாக இருந்துவருகிறது. கவிதையில் ‘நான்’ வந்தால் அது கவிஞர்தான். அவருடைய அறை, அவருடைய ஜன்னல், அவருடைய பிற்பகல் மழை. பொய் சொல்லவில்லை என்று தெரிந்தால் பாராட்டிவிடுகிறோம், சத்தியப் பிரமாணம் வாங்கிய நீதிமன்றக் குமாஸ்தாவைப்போல. இதற்கு எதிர் முகாமில் மக்கள் கவிஞர்கள். அவர்கள் ‘நான்’ என்றால் ஒரு மாதம் மீனவன், மறு மாதம் கல்லுடைப்பவன், அதற்கடுத்த மாதம் போலீஸ் காவலில் செத்தவன். பிறருடைய ரணத்தை எடுத்துப் பூசிக்கொண்டு மேடையேறுவதற்கு ஒரு நிமிஷத் தயக்கம்கூட இல்லை. முதல் முகாம் தன் தோலை விட்டு வெளியே வர மறுக்கிறது. இரண்டாவது முகாம் எவர் தோலுக்குள்ளும் அனுமதியில்லாமல் நுழைகிறது. சண்டை என்னவோ இவர்கள் இருவருக்கும் இடையில்தான் நடப்பதாகச் சொல்லிக்கொள்கிறார்கள்.

இது நமக்குத் தெரியாத விஷயமா? நம் அகப்பாட்டு முழுவதும் கூற்று. தலைவி சொல்வது, தோழி சொல்வது, செவிலி சொல்வது. கபிலர் என்ற ஆண் பிள்ளை ஒரு குறிஞ்சிப் பெண்ணின் வாயால் பேசினார், அவருடைய சுய அனுபவமா என்று எவரும் கேட்கவில்லை. அங்கே பேசுகிறவருக்கு இயற்பெயர் சொல்லக் கூடாது என்பது மரபு. புறத்துக்கு வந்தால்தான் பெயர் வரும், ஊர் வரும். செத்தவனின் பெயரைச் சொல்லி, கையற்றுப்போய் நின்று பாடுகிற கையறுநிலை வரும். யாருக்கு வாயைக் கொடுக்கலாம், யாரைப் பெயர் சொல்லி எதிரே நின்றுதான் பாட வேண்டும் என்கிற நுட்பமான வரம்பு அந்தப் பிரிவுக்குள் இருக்கிறது. கேப்ரியல் சங்கப்பாட்டைப் படித்தவர் என்று நான் சொல்லவில்லை, அந்தப் பைத்தியம் எனக்கு இன்னும் பிடிக்கவில்லை. ஆனால் இந்தத் தட்டின் கடைசிப் பாட்டுக்கு வந்தபோது எனக்கு அந்த வரம்புதான் ஞாபகம் வந்தது.

ஸ்டீவ் பிக்கோ தென்னாப்பிரிக்காவின் கறுப்பு உணர்வு இயக்கத்தை வளர்த்தவர். 1977 ஆகஸ்ட் 18 அன்று சாலைத் தடுப்பில் கைது செய்யப்பட்டார். போர்ட் எலிசபெத்தில் விசாரணையின்போது தலையில் படுகாயம். அந்த நிலையில் நிர்வாணமாக, விலங்கு பூட்டி, லாண்ட் ரோவர் வண்டியின் பின்பக்கத்தில் போட்டு, ஆயிரம் கிலோமீட்டருக்கு மேல் பிரிட்டோரியாவுக்குக் கொண்டுபோனார்கள். செப்டம்பர் 12 அன்று செத்துப்போனார். வயது 30. உண்ணாவிரதம் இருந்ததால் இறந்தார் என்பதுபோல முதலில் அரசு சொன்னது. இந்தச் சாவு தன்னை அசைக்கவில்லை என்று போலீஸ் மந்திரி கட்சிக் கூட்டத்தில் பேசினார். எவரும் குற்றவாளி இல்லை என்று மரண விசாரணை முடிந்தது. சம்பந்தப்பட்ட போலீஸ்காரர்கள் இருபது வருஷம் கழித்து, உண்மை மற்றும் நல்லிணக்க ஆணையத்தில் பொது மன்னிப்புக் கேட்டு வந்தார்கள். 1999இல் மன்னிப்பு மறுக்கப்பட்டது.

வீடு புகுந்தவனுக்கும் கொலைகாரனுக்கும் பைத்தியத்துக்கும் தன் ‘நான்’ஐ வாரிக் கொடுத்த பாடகன் பிக்கோவின் ‘நான்’ஐ எடுத்துக்கொள்ளவில்லை. எவ்வளவு எளிதாக எடுத்திருக்கலாம்! விசாரணை அறை, அடி, வண்டியின் தளம், கடைசி மூச்சு. கேட்கிறவர்கள் அழுது கரைந்திருப்பார்கள், பாடகனும் அரை தியாகியாகியிருப்பான். இவர் செய்வது, தேதியையும் இடத்தையும் அறை எண்ணையும் செய்தித்தாள்போலச் சொல்வது; பிறகு அந்தப் பெயரைச் சொல்லிக் கூப்பிடுவது. ‘நான்’ ஒரு இடத்தில் வருகிறது. தொலைவில் தன் படுக்கையில் கிடப்பவனாக, வெள்ளைக்காரனாக, தூக்கத்தில் அந்தச் செய்தி வந்து மோதுகிறவனாக வருகிறது. கேட்கிறவன் எவனாக இருக்க விரும்ப மாட்டானோ அவனுக்குள் நம்மை ஏற்றியவர், கேட்கிறவன் எவனாக இருக்க ஆசைப்படுவானோ அவனுக்குள் நுழையவிடாமல் வாசலிலேயே நிறுத்திவிடுகிறார்.

இசையும் அப்படித்தான். சுர்தோ என்ற பிரேசில் நாட்டுப் பெரிய முரசு, மாறாத ஒரே நடை, அதற்கு மேல் ஸ்காட்லாந்துப் பைக்குழலின் ஓலம். தென்னாப்பிரிக்கச் சாவுக்கு ஸ்காட்லாந்து வாத்தியம் எதற்கு என்று கேட்டார் ஒருவர். சாவு வீட்டுக்குப் போகிறவன் தன் வீட்டிலிருந்து மாலை எடுத்துக்கொண்டுதான் போவான். செத்தவன் வீட்டுக் கொல்லையில் பூப் பறித்து அவனுக்கே போடுவதில்லை. அந்த மண்ணின் குரல் பாட்டுக்கு முன்னும் பின்னும் மட்டும் வருகிறது. பிக்கோவின் இறுதிச் சடங்கில் ஜனங்கள் பாடியதன் ஒலிப்பதிவு அது. பாடகன் அவர்களுக்கு நடுவில் போய் நிற்கவில்லை.

இருந்தும் குற்றச்சாட்டு நிற்கிறது. கறுப்பர்களின் துக்கம் ஒரு வெள்ளைக்காரனின் வியாபாரச் சரக்கில் ஏறிவிட்டது, விற்ற ஒவ்வொரு தட்டோடும் அந்த இறுதிச் சடங்கும் விற்றது. இதை நான் பூசி மெழுகப் போவதில்லை. அந்த ஒலிப்பதிவு இல்லாமலே பாட்டு நின்றிருக்கும் என்றுகூட எனக்கு ஒரு எண்ணம் உண்டு. ஆனால் இங்கேதான் விற்பனை எண்ணிக்கை முதன்முறையாக அர்த்தமுள்ள விஷயமாகிறது. தென்னாப்பிரிக்க அரசு இந்தப் பாட்டைத் தடை செய்தது. முந்நூறு பிரதி விற்ற தட்டாக இருந்தால் தடை செய்யும் சிரமம் அதற்கு நேர்ந்திருக்காது. பெயர் சொல்லிக் கூப்பிடுகிற பாட்டுக்குக் கேட்கிறவர்களின் தொகை உருவத்தின் ஒரு பகுதி. இந்தத் தட்டை வாங்கப் போனவன் பொழுதுபோக்குக்குத்தான் போனான். இரண்டாம் பக்கத்தின் கடைசி ஏழு நிமிஷத்தில் அவன் எதிர்பார்க்காத ஒரு பெயர் அவன் வீட்டுக்குள் நுழைந்துவிட்டது. நாமோ முன்பே ஒப்புக்கொண்டவர்களுக்கு மட்டும் கவிதை அனுப்பிக்கொண்டு அதைக் கலகம் என்கிறோம்.

அதற்குப் பிறகு அவர் எங்கே போனார் என்பது இந்தக் கட்டுரைக்கு வேண்டாத கதை. 1986இல் நிறுவனத்தின் வற்புறுத்தலுக்கு இணங்கி ஒரு தட்டுக்கு ‘ஸோ’ என்று ஈரெழுத்துப் பெயர் வைத்தார். அதுவும் பிரிட்டனில் முதலிடம். 2023இல் ஒன்று, மறுபடியும் முதலிடம். அவற்றில் நல்லதும் உண்டு, ஆறிப்போனதும் உண்டு. ஜால்ராவும் மெல்லத் திரும்பி வந்துவிட்டது, வாத்தியத்தைத்தான் சொல்கிறேன்.

இதற்குப் பதில் எழுத நினைக்கும் நண்பர்களிடம் ஒரே ஒரு வேண்டுகோள். தட்டைக் கேட்காமலும் எழுதலாம். எழுதுவீர்கள் என்று தெரியும். ஆனால் எழுத உட்காரும் முன் உங்கள் சொந்தக் கவிதைத் தொகுப்பைப் பிரித்து, ‘நான்’ என்று வருகிற இடங்களையெல்லாம் அடிக்கோடிடுங்கள். ஒவ்வொன்றுக்கும் எதிரே ஓரத்தில், அது யார் என்று பென்சிலால் எழுதுங்கள். அந்தப் பக்கங்களையும் பதிலோடு சேர்த்து அனுப்பி வையுங்கள். இரண்டையும் இந்த இதழிலேயே அச்சிடச் சொல்கிறேன்.